சூலூர்ல தண்ணி மொள்ளுற விமானம் ஒண்ணு நிறுத்தினா என்னங்க?

சூலூர்ப் பருந்து:
ஊரு சூலூர், இப்பக் குடியிருக்கறது வடவள்ளி. நேத்து ராத்திரி மொட்டை மாடியில நின்னு மேக்கால பாத்தா மலையில சரம் கட்டின மாதிரி நெருப்பு. கீழ்வீட்டுப் பாப்பா "மலைக்கு சீரியல் லைட் போட்டுட்டாங்க"ன்னு கை தட்டுது. காலையில எந்திரிச்சுப் பாத்தா துணி காயற கொடி பூரா கருஞ்சாம்பல்.

2023 ஏப்ரல்ல ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலை நாள்கணக்கா எரிஞ்சப்ப, சூலூர்லிருந்து விமானப்படையோட எம்ஐ-17 ஹெலிகாப்டர் மலம்புழா அணையில தண்ணி மொண்டாந்து ஊத்துச்சு. அதுக்கு முந்தின மாசம் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேட்டுக்கும் இங்கிருந்துதான் போச்சு. 2024 மார்ச்சுல குன்னூருக்கும் அதேதான். எல்லாமே ஹெலிகாப்டர் அடியில கயித்துல தொங்கவிட்டுத் தண்ணி மொள்ளற "பம்பி பக்கெட்டு".

இதுக்குன்னே பண்ணின விமானம் உலகத்துல இருக்குங்க. கனடாவோட சிஎல்-415. ஏரிமேல தாழ வந்து வயித்தைத் தண்ணியில ஒரசிக்கிட்டே ஓடும். 12 செகண்டுல 6,137 லிட்டர் உள்ள ஏறிடும், நிக்காம அப்படியே எந்திரிச்சுப் போயிடும். அதோட மூத்தது சிஎல்-215 பறந்தது 1967-ல. ரஷ்யாக்காரனோட ஜெட்டு பி-200 ஒரு தடவைக்கு 12 டன் கொள்ளும், நம்ம தெருவுக்கு வர்ற பெரிய தண்ணி லாரி கணக்கு. சீனாவும் அதே 12 டன்னுக்கு ஏஜி600 பண்ணி 2017-ல பறக்க விட்டுட்டான். நம்மகிட்ட இந்த மாதிரி ஒண்ணுகூட இல்ல.

சூலூர்ல ரன்வே இருக்கு, விமானப்படையோட 5-ஆம் பழுதுபார்ப்புப் பணிமனை இருக்கு. சுத்தியும் பவானிசாகர், ஆழியாறு, அமராவதி, கொஞ்சம் தள்ளி மேட்டூர். ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து நிறுத்தினா என்ன கெட்டுப்போகும்?

திம்பம்27:
தம்பி, ஆசை நல்லாத்தான் இருக்குது. ஆனா வானத்துலிருந்து ஊத்துனா தீ அணைஞ்சு போயிரும்ங்கற நெனப்பு இருக்குது பாருங்க, அதுதான் தப்பு. சத்தியமங்கலம் காட்டுல வேட்டைத் தடுப்புக் காவலரா வருசக்கணக்கா ஓடுனவன் சொல்றேன்.

நம்ம காட்டுத் தீ அமெரிக்கா டிவியில காட்டற மாதிரி மரத்து உச்சியில தாவற தீ இல்லீங்க. தரையில ஊர்றது. காஞ்ச சருகு, போதைப்புல்லு, உண்ணிச்செடிப் புதர். முழங்கால் உசரம் வரும், சில எடத்துல இடுப்பு உசரம். அதை அணைக்கறது பச்சைத் தழை. நாலு ஆளு வரிசையா நின்னு கொப்பை ஒடிச்சு அடிச்சுக்கிட்டே போகோணும். ஓங்கி அடிச்சா பொறி பறந்து பின்னால விழும். அமுக்கி இழுக்கோணும், தரையைக் கூட்டற மாதிரி. பெருசா வந்தா, முன்னால போய்ப் பாதையோரத்துல எதிர்த்தீ வெச்சு, சருகை முன்கூட்டியே எரிச்சு அதைப் பட்டினி போடறது.

அணைஞ்சதுக்கு அப்பறம்தான் பாடே. யானை லத்தி இருக்குதே, உள்ள கனிஞ்சுக்கிட்டே ரெண்டு மூணு நாள் கெடக்கும். சரிவுல எரியற மூங்கில் கட்டை உருண்டு போயி, அணைச்ச கோட்டுக்கு அக்கட்டால புதுசா புடிக்கும். ஒவ்வொண்ணையும் கிளறி, மண்ணைப் போட்டு மூடி, கைய வெச்சுப் பாத்துட்டு நகரோணும். உங்க 6,137 லிட்டரு இந்த வேலையில எதைச் செய்யும்னு சொல்லுங்க பாக்கலாம்.

பரிசல்காரன் மகன்:
நான் பவானிசாகர் கரைங்க. எங்களுக்கு மீனுதான் சோறு. ஒரே ஒரு கேள்வி. அந்த விமானம் வயித்தை ஒரசிக்கிட்டே ஓடற எடத்துல எங்க வலை கெடக்கும். அறுந்தா காசு யாரு தருவாங்க?

சென்னிமலைத் தறி:
வணக்கங்க. சென்னிமலையில பொறந்து, இப்ப வேலைக்காகத் தெற்கு பிரான்ஸ்ல கெடக்கறேன். இந்த விமானத்தைக் கண்ணால பாத்தவன்ங்கற முறையில ரெண்டு வார்த்தை.

போன கோடையில குடும்பத்தோட சாந்த்-குருவா ஏரிக்குப் போயிருந்தோம். திடீர்னு படகு வாடகைக்கு விடறவன் விசில் ஊதி எல்லாரையும் கரைக்கு வான்னு கத்தறான். மஞ்சளும் செகப்புமா ஒண்ணு மலையிடுக்குலிருந்து எறங்குச்சு. தண்ணியைத் தொட்டதும் ரெண்டு பக்கமும் வெள்ளையா மதில் மாதிரி எழும்புது. எண்ண ஆரம்பிச்சேன், பதினொண்ணு, பன்னண்டு, தூக்கிருச்சு. அது போனதும் பின்னாலயே ரெண்டாவது. அப்பறம் மூணாவது. செக்குமாடு மாதிரி சுத்தி வந்துக்கிட்டே இருந்துச்சுங்க, சாயங்காலம் வரைக்கும். எங்க பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் டாட்டா காட்டி ஓய்ஞ்சு போயிட்டா.

திம்பத்து அண்ணன் சொல்றதை மறுக்கலை. இங்கயும் விமானம் தீயை "அணைக்கறது" இல்ல. முன்முனையை நனைச்சுச் சூட்டைக் குறைக்கும். அந்த இடைவெளியில தரையில இருக்கறவங்க குழாயும் மண்வெட்டியுமா உள்ள போவாங்க. ஆள் இல்லாம விமானம் மட்டும் ஊத்தினா, தண்ணி ஆவியாப் போயி திருப்பிப் புடிச்சுக்கும்.

இன்னொண்ணு. இங்க இது ஒத்தையா வர்றதில்ல. பிரான்ஸ்கிட்ட 12 சிஎல்-415 நீம் நகரத்துல நிக்குது. தீயில இடைவெளி விடாம அடிச்சாத்தான் பலன். பருந்துத் தம்பி கேக்கற "ஒண்ணே ஒண்ணு" கண்காட்சிக்குத்தான் ஆகும்.

சூலூர்ப் பருந்து:
தறி அண்ணா, ஒண்ணுலதானே எல்லாம் ஆரம்பிக்கும்! தூரக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. பவானிசாகர்லிருந்து திம்பம் மலைமுகடு நேர்கோட்டுல 20 கிலோமீட்டருக்குள்ளதான். போக வர 40-க்குள்ள. திரும்பறது, மொள்ளறது எல்லாம் சேத்து ஒரு நடைக்கு 10 நிமிசம்னு வெச்சாலும் மணிக்கு ஆறு நடை. 36,000 லிட்டருக்கு மேல. 2024-ல குன்னூர்ல ஹெலிகாப்டர் மொத்தமா ஊத்தினது 16,000 லிட்டர்னு விமானப்படையே சொன்னது.

திம்பம் அண்ணாவுக்கு: நம்ம காட்டுல மார்ச் மாசம் மரம் எல்லாம் மொட்டையா நிக்குதே. தேக்கு, வேங்கை, நமை எதுலயும் இலை இருக்காது. மேல ஊத்தினது தடையில்லாம சருகு மேலதானே விழும்?

திம்பம்27:
இது ஞாயமான கேள்வி. எலையுதிர் காட்டுல தண்ணி தரைக்கு வரும், ஒத்துக்கறேன். ஆனா எங்களுக்குத் தலைவலி மூங்கில் பொதரும் உண்ணிச்செடியும்தான். உண்ணி கூடை கவுத்த மாதிரி நிக்கும். மேல நனையும், அடியில எரியும்.

ஆறு டன் தண்ணி மொத்தமா விழுந்தா கெளை முறியும். கீழ நிக்கற ஆளு தலையில விழுந்தா என்ன ஆகும்? ஊத்தறதுக்கு முன்ன எங்களை வெலகச் சொல்லோணும். எப்படிச் சொல்லுவாங்க? எங்க வாக்கிடாக்கி ஒரு பள்ளம் எறங்குனா கேக்காது. ஒரு வருசம் எங்க குழுவுக்கு பூட்ஸே வரலீங்க. ரப்பர் செருப்போட கனல் மேல நடந்து, அது காலோட ஒட்டிக்கிச்சு. உரிச்செடுத்தப்ப தோலும் வந்துச்சு. அதனாலதான் கோடிக்கணக்குல காசு போட்டு விமானம்னு காதுல விழுந்தா வயிறு எரியுதுங்க.

வெள்ளியங்கிரிக்கும் கணக்குப் போடுங்க தம்பி, திம்பத்துக்கு மட்டும் போட்டா எப்படி?

சூலூர்ப் பருந்து:
வெள்ளியங்கிரின்னா பவானிசாகர்லிருந்து நேர்கோட்டுல 70 கிலோமீட்டர் வருது. நடைக்கு அரைமணி நேரம். சரி, அடி வாங்கிட்டேன். ஆனா மலம்புழா கிட்டதான் இருக்கு, கேரளாக்காரங்ககிட்ட 2023-ல கேட்டு மொண்ட மாதிரியே மொள்ளலாம்.

நொய்யல் நக்கல்:
அமராவதியில மொண்டா முதலையும் சேந்து ஏறிடுமேப்பா. மேல இருந்து தீயில முதலை மழை. வாட்ஸப்புல ஒரு கதை வந்துச்சு, வெளிநாட்டுல கடலுக்குள்ள நீந்திட்டிருந்த ஆளையே உறிஞ்சி எடுத்துக் காட்டு மரத்து மேல போட்டுருச்சாம்.

வால்பாறை டீச்சர்:
நக்கல் தம்பி, அந்தக் கதை பல நாட்டில் பல வருடமாகச் சுற்றும் கட்டுக்கதை. விமானத்தின் அடிவயிற்றில் தண்ணீர் ஏறும் வாய் இரண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். வேகமாக ஓடுவதால் தண்ணீர் தானே உள்ளே அழுத்தி ஏறுகிறது, உறிஞ்சும் பம்ப் எதுவும் இல்லை. முதலை இருக்கட்டும், நல்ல கெண்டை மீனே நுழையாது. பையன்களுக்கு இயற்பியல் நடத்தும்போது இதை உதாரணமாகச் சொல்லலாம் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

பயப்பட வேண்டியது வேறு. மிதக்கும் கட்டை, தண்ணீருக்கடியில் நிற்கும் பட்டமரம், ஆகாயத்தாமரை. நம் சிங்காநல்லூர்க் குளத்தில் இறங்கினால் விமானம் கீரைக்கட்டு சுமந்துதான் எழும்பும்.

அணைகளைப் பற்றியும் ஒன்று. மொள்ளுவதற்கு மட்டும் சுமார் 400 மீட்டர் நீளம் போதும். ஆனால் தாழ இறங்கத் தொடங்கி, மொண்டு, மறுபடி பாதுகாப்பான உயரத்துக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட 1,350 மீட்டர் தடையில்லாத நீளம் வேண்டும், ஆழமும் வேண்டும். பவானிசாகரில் கிடைக்கும். மேல் நீராறு, சோலையாறு போன்ற இடங்களில் மலை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் காலம். காடு எரிவது பிப்ரவரி முதல் மே வரை. அணை வற்றுவதும் அப்போதுதான்.

யானையையும் மறந்துவிட வேண்டாம். 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து மாட்டுப்பட்டி அணைக்கு ஒரு நீர்விமானம் சோதனையாகப் பறந்து வந்து இறங்கியது. சுற்றுலாவுக்காக. அதற்கே, யானை கடக்கும் இடம் என்று வனத்துறை ஆட்சேபம் சொன்னது. பவானிசாகர் நீர்ப்பரப்பின் ஓரம் முழுக்க, கோடையில் கூட்டம் கூட்டமாக யானை நிற்கிறதே?

சூலூர்ப் பருந்து:
டீச்சர், காடு எரியறதும் யானைக்குத் தொந்தரவுதானுங்களே? பன்னண்டு செகண்டு சத்தத்துக்கும் நாலு நாள் தீக்கும் எதை எடுப்பீங்க?

வால்பாறை டீச்சர்:
மணிக்கு ஆறு நடை என்று நீங்கள்தான் கணக்குக் கொடுத்தீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பன்னிரண்டு செகண்டு என்று பெருக்கிப் பாருங்கள்.

பரிசல்காரன் மகன்:
டீச்சர் சொன்ன பட்டமரம் நெசம். தண்ணி எறங்குனா எங்க பரிசலே முட்டும். எங்க எங்க நிக்குதுன்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியும். மாயாறு வந்து சேர்ற வாய்ப் பக்கம் எறங்குனான்னா அவன் கதை முடிஞ்சுது.

நுரை கலந்து ஊத்துவாங்கன்னு மகன் போன்ல படிச்சுக் காட்டுனான். அந்த நுரை மாயாத்துல கலந்தா மீனுக்கு ஆகாதாமே? வலைக்காசுக்கும் இன்னும் பதில் வரலை.

கிணத்துக்கடவு லேத்து:
நான் லேத்து பட்டறைக்காரன், காசுக் கணக்கு மட்டும் பேசறேன். கனடாக்காரன் புதுசாக் கொண்டாற டிஎச்சி-515-க்கு கிரீஸ் ஏழு விமானம் எழுதிக் குடுத்திருக்கான், சுமார் 36 கோடி யூரோ. ஒண்ணுக்கு அஞ்சு கோடி யூரோவுக்கு மேல. நம்ம காசுல ஐநூறு கோடி ரூபாய்க்குப் பக்கத்துல வரும். அதுக்கு மேல பைலட்டு பயிற்சி, உதிரிபாகம், தண்ணியில ஓடற வண்டிக்குத் துருப்புடிக்கற பராமரிப்பு. எட்டு மாசம் சும்மா நிக்கற மிசினுக்கு எவன் வட்டி கட்டுவான்?

ஜப்பான்கிட்ட யுஎஸ்-2 நீர்விமானம் கடற்படைக்கு வாங்கறதா வருசக்கணக்காப் பேசினாங்க. கடைசியில வாங்கவே இல்ல. பணக்காரப் படைக்கே வெலை படியலை, வனத்துறைக்கா படியும்?

சூலூர்ப் பருந்து:
வாங்கச் சொல்லலை அண்ணா, வாடகைக்குன்னு வெச்சுக்கங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, 1994-லிருந்து கனடாவோட கியூபெக் மாகாணத்துக்கிட்ட வருசாவருசம் வாடகைக்குத்தான் எடுக்கறாங்க. நம்ம தீ சீசன் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அது ஆஃப் சீசன். அவன் ஷெட்டுல சும்மா நிக்கறதை மூணு மாசம் இங்க கொண்டாந்தா ரெண்டு பேருக்கும் லாபம். இதுக்கு என்ன சொல்றீங்க?

சென்னிமலைத் தறி:
தம்பி, நல்ல மூளை. ஆனா இந்த ஊர்ல குளிர்காலத்துல அது சும்மா நிக்கறதில்ல. கோடை பூரா அடிச்ச அடியில தேஞ்சு வந்ததைக் கழட்டிப் போட்டு சர்வீஸ் பண்றதே அப்பத்தான். நம்ம தறியை ஆடி மாசம் நிறுத்தி எண்ணெய் போடற மாதிரி. அந்த நேரத்துல கேட்டா குடுப்பானான்னு சந்தேகம்தான்.

ஆபத்தையும் சொல்லியாகணும். 2021 ஆகஸ்டுல துருக்கியில வாடகைக்குப் போன பி-200 மலையில மோதி எட்டுப் பேரும் போயிட்டாங்க. 2023 ஜூலையில கிரீஸ் எவியா தீவுல சிஎல்-215 ஒண்ணு தண்ணியை ஊத்திட்டு எந்திரிக்கறப்ப றெக்கை மரத்துல பட்டு விழுந்துச்சு, ரெண்டு பைலட்டும் இறந்தாங்க. மலைப் பள்ளத்துக்குள்ள, புகைக்குள்ள, மரத்தைத் தொடற உயரத்துல போற வேலை இது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு சூலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நொய்யல் நக்கல்:
அதுல நம்ம பசங்க ட்ரோன் வேற விடுவாங்க. 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ்ல அதே கியூபெக் விமானத்துல எவனோ விட்ட ட்ரோன் மோதி றெக்கையில ஓட்டை. தீ எரிஞ்சிட்டிருக்கறப்பவே அதை ஓரங்கட்ட வேண்டியதாச்சு. இங்க மருதமலைத் தேருக்கே எத்தனை ட்ரோன் சுத்துதுன்னு பாருங்க.

திம்பம்27:
ராத்திரி சங்கதியை யாரும் பேசலை. பருந்துத் தம்பி தீயைப் பாத்தது ராத்திரி. விமானம் ராத்திரியில பொதுவா மொள்ளாது, ஊத்தாது. நாங்க அடிக்கறதே பொழுது எறங்குனதுக்கு அப்பறமும் விடியக்காலையிலயும்தான். அப்பத்தான் காத்து அடங்கும், பனி எறங்கும், தீ சோம்பேறியாகும். மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்தச் சூரனும் கிட்டப் போவமாட்டான்.

டேராடூன்லிருந்து வன அளவை நிறுவனம் போனுக்குத் தகவல் அனுப்பும். செயற்கைக்கோள் மத்தியானம் ஒண்ணரை சுமாருக்கும் ராத்திரி ஒண்ணரை சுமாருக்கும் தாண்டறப்ப எடுத்தது. ஒரு புள்ளின்னா 375 மீட்டர் சதுரம். அந்தப் புள்ளிக்கு நடந்து போய்ச் சேர்றதுக்கு எங்களுக்கு மூணு மணி நேரம், நாலு மணி நேரம். என்னைக் கேட்டா, காசு இருந்தா ஜனவரியில தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் போடுங்க. ஊராளி, சோளகர் பழங்குடிப் பசங்களுக்கு நாலு மாசத்துக்குப் பதிலா வருசம் பூரா சம்பளம் குடுங்க. சருகு ஊதற மிசினு குடுங்க. தீ பிறக்கற எடத்துலயே ஆள் நிப்பாங்க.

சூலூர்ப் பருந்து:
அண்ணா, செருப்பு ஒட்டின கதையைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலை. பூட்ஸ் வேணும், சம்பளம் வேணும், எல்லாம் சரி. ஆனா "அதுவா இதுவா"ன்னு ஏன் பேசணும்? 2018 மார்ச் 11, தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத் தீயில மாட்டினாங்க. நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் புள்ளைகளும் அதுல இருந்தாங்க. இருபது பேருக்கு மேல போனாங்க. மேலிருந்து ஊத்த ஒண்ணு தயாரா இருந்திருந்தா?

திம்பம்27:
அதை எடுக்காதீங்க தம்பி. அது புல்லுச் சரிவு. மேல்நோக்கி ஏறற தீ, சமதரையில ஓடறதைவிடப் பல மடங்கு வேகமா ஓடும். நீங்க விமானத்தைக் கௌப்பி, மொண்டு, தேனி மலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். தீ காலத்துல மேல அனுப்பாம இருந்திருக்கோணும். அவ்வளவுதான்.

கிணத்துக்கடவு லேத்து:
ஒரு யோசனை. விமானத்துக்குத்தானே ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல தடையில்லாத எடம் வேணும்? ஹெலிகாப்டர் பக்கெட்டுக்கு நாலாள் ஆழம் இருந்தாப் போதும். நம்ம பக்கம் கைவிட்ட பாறைக்குழி எத்தனை இருக்கு! மதுக்கரை, கிணத்துக்கடவு, பல்லடம், எங்க பாத்தாலும் தண்ணி நின்னு கெடக்குது. மலையடிவாரத்துல இருக்கற குழிகளைக் கோடையிலயும் வத்தாததாப் பாத்துக் குறிச்சு, மேல மின்கம்பி போகுதான்னு பாத்து, வரைபடத்தை விமானப்படைக்கும் வனத்துறைக்கும் குடுத்து வெச்சா, மலம்புழா வரைக்கும் ஓட வேண்டியதில்லையே. செலவு பெட்ரோல் காசுதான்.

வால்பாறை டீச்சர்:
இதுவரை வந்ததில் இதுதான் உருப்படியான யோசனை. குன்னூரிலும் பக்கத்தில் அணை இருந்ததால்தான் ஹெலிகாப்டரால் அடுத்தடுத்து நடை அடிக்க முடிந்தது.

சூலூர்ப் பருந்து:
என் விமானத்தைக் கொன்னுட்டீங்க. சரி, நான் இன்னும் விடலை, பத்து வருசம் கழிச்சு இதே இழையைத் தேடி வந்து கேப்பேன். அதுவரைக்கும் லேத்து அண்ணா, ஞாயித்துக்கெழமை மதுக்கரைப் பக்கம் போலாமா? என் பைக்கு. ஆழம் பாக்கறதுக்குக் கயிறும் கல்லும் நான் கொண்டாறேன்.

கிணத்துக்கடவு லேத்து:
காலையில ஆறு மணிக்கு வாங்க. எட்டுக்கு மேல பாறை சுடும்.

திம்பம்27:
குழியில எறங்கறதா இருந்தா ஒத்தையாப் போகாதீங்க. பாசி வழுக்கும், கரை நேரா அறுத்தாப்பல இருக்கும், ஏற முடியாது.

பரிசல்காரன் மகன்:
நல்லதுங்க. அப்ப பவானிசாகர்ல எறங்காதுன்னு முடிவாயிருச்சா? பத்து வருசம் கழிச்சு வர்றதா இருந்தா, வலைக்காசு யாரு தர்றதுன்னு இப்பவே எழுதி வெச்சுருங்க.